நடவடிக்கைப் புத்தகத்தின் கடைசி வரி

ஒரு சினிமாவைப் பிள்ளைகள் பார்க்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு எங்கள் சர்ச் சபையில் மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்று போட்டார்கள். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் அவர்கள் மேல் வரும், அப்புறம் என் மேல். என் மேல் வருகிற கோபம் எப்போதும் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பெங்களூரில், காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களாவை நாலு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒன்றில் நாங்கள். நான் ஒரு ஸ்கூல் ஆபீசில் கிளார்க். என் வீட்டுக்காரர் ஃபாக்டரி வேலை. ஒரே மகள், பி.யு.சி. முதல் வருஷம், அதாவது பதினோராம் வகுப்பு. பக்கத்துப் போர்ஷனில் ஒரு நர்ஸ். எங்களைப் போலவே கோலார் தங்கவயல்காரி. புருஷன் கல்ஃபில் இருந்தான். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை.

நர்ஸுக்கு மதிய ஷிப்ட். என் மகளுக்குக் காலை காலேஜ். ஒரு மணிக்கு இவள் வந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் குழந்தை கிரில் கேட்டை டம்ளரால் தட்ட ஆரம்பித்துவிடும். எட்டு மணிக்கு அம்மா வரும்வரை இவளோடுதான். யாரும் சொல்லி வைத்ததல்ல. ஒருநாள் பார்த்துக்கொண்டாள், மறுநாளும் பார்த்துக்கொண்டாள், அப்படியே பழகிவிட்டது. அந்தக் குழந்தை அம்மா ஊட்டினால் துப்பும். இவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருமுனையில் பஸ் திரும்புவதைக் காட்டிக் காட்டி ஊட்டினால் ஒரு கிண்ணம் ரசஞ்சோறு காலியாகும். என் மகள் வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குகிறவள். அந்தக் குழந்தைக்கு மட்டும் பீட்ரூட்டை மசித்து, நார் எடுத்து, ஆற வைத்து, பூனை மாதிரி சத்தமில்லாமல் வேலை செய்வாள். பி.யு.சி. முடித்துவிட்டு நர்சரி டீச்சர் ட்ரெய்னிங்தான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

இனி அந்தப் படம். எங்கள் சபையில் மாதக் கடைசி சனிக்கிழமை வாலிபர் கூட்டம். கூட்டம் முடிந்து ஹாலில் ஒரு படம் போடுவார்கள். அந்த மாதம் பிள்ளைகள் வீசிடி கடையிலிருந்து ஒரு இங்கிலீஷ் காமெடி எடுத்து வந்திருந்தார்கள். அட்டையில் மூன்று குழந்தைகள் பலூன் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைக்காரன் அட்டையைப் பார்த்துக் குழந்தைகள் படம் இருக்கிற தட்டில் அடுக்கி வைத்திருந்தானாம். பிள்ளைகளும் ஒன்றும் தெரியாத பூனைகள் போல ‘ஃபேமிலி படம்’ என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டார்கள். படத்தை ஏற்கெனவே பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் செயலாளர் காதில் போட்டுவிட்டார். அவ்வளவுதான், கமிட்டி.

செயலாளர் ரிட்டையர்டு ஹெட் கிளார்க். இருபது வருஷம் ஃபைல் நகர்த்தி நகர்த்தி, சாப்பிட்ட இட்லியைக்கூட வரிசை எண் போட்டுச் சொல்கிற மனுஷர். இரண்டாவது ஆள் ஞாயிறு பள்ளியை நடத்துகிற டீச்சரம்மா. மூன்றாவதாக, தாய்மார் சார்பில் ஒருத்தி வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். எனக்குப் பெருமைதான். பொய் சொல்லக்கூடாது, புதுசாக இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சர்ச் ஆபீஸ் அறையில் கர்ட்டன்களை இழுத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். எதையும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவது எங்கள் வழக்கம். செயலாளர் எழுந்து நின்று கண்ணை மூடி, “நாங்கள் பார்க்கப் போகிற இந்தப் படத்தை ஆசீர்வதியும்” என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, “படத்தை அல்ல, பார்க்கப் போகிற எங்களை” என்று திருத்திக்கொண்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். காலேஜ் முடித்துவிட்டு வேலைவெட்டி இல்லாமல் திரிகிற ஒருத்தி. ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் விருந்துக்குப் போகிறார்கள், மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இவளைக் கூப்பிடுகிறார்கள். இவளுக்கோ ஒரு காதலன். அவன் கூப்பிட்டதும் மூன்றையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள். குடிகாரர்கள், ரவுடிகள், அரைகுறையாக ஆடுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். வாயைத் திறந்தால் சாக்கடை.

இதை நாங்கள் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். டீச்சரம்மா ஏதாவது வரும்போலத் தெரிந்தால் உடனே முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார். “முடிஞ்சிதாம்மா? தொறக்கலாமா?” என்று என்னைக் கேட்பார். நான் முடிந்தது என்றதும் திறந்து, “என்னதான் பண்ணாங்க?” என்பார். செயலாளர் நேர் எதிர். கையில் ரிமோட், மடியில் நோட்டு. “ஸ்வல்ப பின்னாடி போட்டுப் பாத்துடலாம். நிமிஷத்தக் கரெக்டா எழுதணும் இல்லீங்களா” என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டினார். ஒரு முத்தத்தை மூன்று முறை. முதல் டிஸ்க் முடிந்து இரண்டாவது டிஸ்க் போட்டதும் நிமிஷம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. அதைக் கூட்டி எழுதுவதா, தனியாக எழுதுவதா என்று பத்து நிமிஷம் யோசித்தார். ஒரு பிள்ளை ஒரு முறை பார்க்கக்கூடாத படத்தை ஒரு பெரிய மனுஷர் இரண்டரை முறை பார்த்து முடித்தார்.

எனக்கு அந்தப் படத்தில் சகிக்கமுடியாமல் போனது வேறு இடம். அவள் மதுக்கடைக்குள் போய்விடுகிறாள். மூன்றில் சின்னது, நாலு வயது இருக்கும், காருக்குள் தனியாக உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை வைத்து அழுகிறது. அதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமாம், அதற்கென்று ஒரு மியூசிக்.

“ஐயா, இத எழுதுங்க,” என்றேன்.

“எதம்மா?”

“இந்தக் கொழந்த அழுவுறத.”

அவர் என்னை ஏதோ புரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அது காமெடிம்மா. அதுல அசிங்கம் ஒண்ணும் இல்லியே.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியது முதல் தடவை.

பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. எனக்கும் சந்தேகமில்லை. முடித்து ஜெபம் பண்ணியதும் செயலாளர் நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து, ஒரு வெள்ளைப் பக்கத்தின் அடியில் எங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய் நல்ல கையெழுத்தில் எழுதி மேலே நிரப்புவார். எங்கள் சபையில் எந்தக் கமிட்டியானாலும் அப்படித்தான், வருஷக்கணக்கில். வீட்டுக்குப் போனால் அரிசி ஊற வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் நானும் போட்டேன். ஆபீசில் ஒரு காகிதத்தைப் படிக்காமல் சீல் குத்தாதவள் நான்!

வீட்டுக்கு வந்தபோது மகள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பற்றிச் சொன்னேன்.

“அய்யே, அந்தப் படமா? எங்க க்ளாஸ்ல பாக்காதவங்களே இல்ல மம்மி.”

“நீயுமாடி?”

“ம். ஃப்ரெண்டு வீட்ல. அரை மணி நேரத்துல பேஜாராயிடிச்சு, ஆனாலும் முழுசும் பாத்தேன்.”

“அசிங்கமா இருந்துதா?”

“அது இருந்துது, அத வுடு. அந்தப் பசங்களுக்குப் படம் முழுக்க ஒருத்தருமே சோறு போடல, கவனிச்சியா? சாயங்காலத்துலேந்து விடியற வரைக்கும். சின்னது அவ்ளோ அழுவுது, ஒரு பிஸ்கட்டுகூட இல்ல. இன்னா பொண்ணு மம்மி அவ? அவள நம்பி எவ கொழந்தைய வுட்டா?”

கமிட்டியாம் கமிட்டி! மூன்று பேர் கதவைத் தாழ் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடிக்காததை இவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். பதினாறு வயசு. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. குழந்தை முழித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். கமிட்டி நடவடிக்கைகளைச் சபை முன்னால் முழுசாக வாசித்து, கை தூக்கி ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அதுவும் எங்கள் வழக்கம். செயலாளர் அதில் ஒரு எழுத்து விடமாட்டார். பின் பெஞ்சுகளில் வாலிபர்கள், இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். கமிட்டிக்காரி என்பதால் நான் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீதிமொழிகள் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

“இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஒரு ஸ்திரீ துவாலை மாத்திரம் அணிந்தவளாய்க் காணப்படுகிறாள். துவாலை நிலைக்கவில்லை.”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

“முப்பத்தோராம் நிமிடத்தில் முத்தம். நீண்டது. நாற்பதாம் நிமிடத்தில் அதே நபர்களிடையே மறுபடியும் முத்தம். இரண்டாம் டிஸ்க், நான்காம் நிமிடம், மதுக்கடையில் நடனம். வஸ்திரம் சொற்பம்.”

பின்னால் வாலிபர்கள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். பத்து வயதுப் பிள்ளைகளெல்லாம் அம்மாவிடம், “நிலைக்கலன்னா இன்னா?” என்று கேட்டன. எந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று கமிட்டி போட்டார்களோ, அந்தப் படத்தை ஒரு காட்சி விடாமல், கிழவர் முதல் கைக்குழந்தை வரை முழுச் சபைக்கும் சுத்தத் தமிழில் ஓட்டிக் காட்டியாயிற்று. நானும் சிரித்தேன். கடைசி வரி வரும்வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“இத்தகைய சீர்கேடுகளுக்கு வாசலாயிருப்பதால், நம் சபையின் பெண்பிள்ளைகள் பிறர் வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைத் தவிர்க்கும்படி பெற்றோரைக் கமிட்டி ஏகமனதாய்க் கேட்டுக்கொள்கிறது.”

பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. முதலில் என்னை, அப்புறம் பின் பெஞ்சில் என் மகளை. எங்கள் சபையில் பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒரே ஒருத்திதான். அந்த வரிக்கு அடியில் என் கையெழுத்து.

“ஏற்றுக்கொள்கிறவர்கள் கைகளை உயர்த்தலாம்,” என்றார் பாஸ்டர்.

எங்கள் பக்கத்தில் முதல் பெஞ்சு தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். எல்லோரும் என் கைக்காகக் காத்திருந்தார்கள். பதட்டத்தில், யோசிக்காமல் தூக்கிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நன்றாக யோசித்தேன். ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக என் பெண்ணை விட்டுக்கொடுத்தேன். கையைத் தூக்கினேன். என் பின்னால் ஐம்பது அறுபது கைகள் எழும்பும் வளையல் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒரு மணிக்கு டம்ளர் கிரில்லில் தட்ட ஆரம்பித்தது. மகள் உள்ளறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு லீவு. “கொழந்த கூப்புடுதுடி, போ,” என்றேன்.

“நா போனா உன்னத்தான் கேப்பாங்க மம்மி. நீதான கை தூக்குன.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். டம்ளர் தட்டிக்கொண்டே இருந்தது. “அக்கா, அக்கா” என்று அரை மணி நேரம் கூப்பிட்டது. இவள் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் யூனிபார்மோடு வந்து நின்றாள். அதற்குள் அவள் காதுக்கும் யாரோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

“ஏங்க்கா, என் வூட்ல இன்னா நடக்குதுன்னு நெனச்சீங்க? நா வேலைக்குப் போறேன், வரேன். என் வூடு இன்னா அந்த மாதிரி வூடா?”

“அய்யோ, நா அப்படி எழுதலம்மா.”

“கையெழுத்து உங்களுதுதான?”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. அந்த மாதமே குழந்தையைக் கொண்டுபோய்த் தங்கவயலில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வாரத்தில் ஆஃப் கிடைக்கிற நாளில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

நான் செயலாளர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. “எம் பொண்ணப் பத்தி எழுத உங்களுக்கு யாரு சொன்னது?”

“உங்க பொண்ணப் பத்தி இல்லம்மா. பொதுவா எழுதுனது. ஒரு படம் பாத்தா அதுலேந்து ஒரு படிப்பினை எடுக்க வேணாமா?”

“சபையில வேற எந்தப் பொண்ணு கொழந்த பாக்குது?”

“அதனாலதானே பேர் எழுதல.”

அந்த மனுஷர் எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வரியை அடியுங்கள் என்றேன். சபை ஏற்றுக்கொண்டதைச் சபைதான் அடிக்க முடியும், அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து, என்றார். நோட்டைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. மூன்று மாதம் காத்திருந்தேன்.

அந்த மூன்று மாதமும் என் மகள் என்னோடு சண்டை போடவில்லை. கேட்டால் பதில் சொன்னாள், டம்ளர் எடுத்து வைக்கச் சொன்னால் எடுத்து வைத்தாள். வாலிபர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். காலேஜிலிருந்து வந்ததும் கிரில் கேட்டைச் சாத்தினாள். நர்சரி ட்ரெய்னிங் பற்றி அவள் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் முந்தின நடவடிக்கையை வாசிக்க எழுந்தார். “திருத்தம் உண்டா?” என்று பாஸ்டர் வழக்கமாகக் கேட்பார், யாரும் எழுந்ததில்லை. நான் எழுந்தேன்.

“உண்டு. கடைசி வரிய அடிக்கணும். நான் வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. என் கண்ணுல படாத வரி அது. அந்தப் படத்தப் பிள்ளைங்க பாக்கக்கூடாதுன்னு சொன்னது சரி. ஆனா ஏன் கூடாதுன்னு நம்ம மூணு பேருக்கும் தெரியல. துவாலைய எழுதுனோம், முத்தத்த எழுதுனோம். அந்த மூணு கொழந்தைங்களுக்கு ராத்திரி முழுக்க யாரும் சோறு போடல, அத எழுதல. அதப் பாத்தது எம் பொண்ணு ஒருத்திதான். அவளத்தான் நீங்க கொழந்த பாக்கக்கூடாதுன்னு எழுதினீங்க.”

டீச்சரம்மாதான் முதலில் கை தூக்கினார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. அப்புறம் பெண்கள் பக்கம் முழுசும். செயலாளர் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், நேராக ஒரு கோடு போட்டு அந்த வரியை அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் தேதியும் போட்டார். படித்துப் பார்த்துவிட்டு நானும் போட்டேன்.

மார்க்கெட் வழியாக வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மகளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கிரில் கேட் திறந்திருந்தது. நர்ஸ் குழந்தையைத் தங்கவயலிலிருந்து அன்றைக்குக் கூட்டி வந்திருந்தாள். மூன்று மாதத்தில் குழந்தை ஒரு பிடி வளர்ந்திருந்தது, தலை மொட்டை. தன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு பாதி முகத்தைக் காட்டியது. என் மகள் அதன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் கிண்ணம். ரசஞ்சோறு, மசித்தது.

“சாப்ட்டியா பாப்பா?” என்று கேட்டாள்.

குழந்தை மேலே பார்த்து, “மம்மி, இது யாரு?” என்றது.

மகள் கிண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பதைப் பார்த்துத் திரும்பினாள்.

“கூட்டம் முடிஞ்சிதா? இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லடி,” என்றேன்.